ரோபோக் கையா, கமராக் கண்ணா: வவுனியாப் பொதி நிலையம் ஒன்றுக்கான ஒப்பீடு

கொழும்பிலிருந்து வடக்கே வரும் பொதிகள் ஏ9 வீதியால் வவுனியாவை வந்தடைந்ததும் பல கிளைகளாகப் பிரிகின்றன. நேரே செல்வன கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உரியவை. மாங்குளம் சந்தியில் கிழக்கே திரும்புவன ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவுக்கும் மேற்கே திரும்புவன மல்லாவி, துணுக்காய்க்கும் போகின்றன. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்புக்குரியவை பரந்தன் வரை போய்த் திரும்புகின்றன. செட்டிகுளத்துக்கும் மன்னாருக்கும் உரியவை வவுனியாவிலேயே விலகிவிடுகின்றன. அதிகாலை மூன்று மணியளவில் வந்து நிற்கும் லொறியைக் காலி செய்து, பொதிகளைப் பாதை வாரியாகப் பிரித்து, ஆறரை மணிக்குள் சிறு வாகனங்களில் ஏற்றி அனுப்பிவிட வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தில் நடக்கும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாமா, ஒப்படைப்பதானால் எந்த இயந்திரத்திடம், எந்தப் பகுதியை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இந்த நிலையத்தின் இரவு நேரப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் நிர்வாகம் என்னிடம் கேட்ட கேள்வியும் இதுதான். வன்னியில் இதே நிலையில் இருக்கும் மற்றக் களஞ்சியசாலைக்காரருக்கும் பயன்படட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சேர்ந்து ‘பிரித்தல்’ என்ற ஒரே வேலையாகத் தெரியும். உண்மையில் அதற்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன: குவியலிலிருந்து ஒரு பொதியை மட்டும் தனியாக எடுப்பது, அதன் லேபலை வாசிப்பது, அது எந்தப் பாதைக்குரியது என்று தீர்மானிப்பது, உரிய சாக்கில் அல்லது கூட்டில் கொண்டுபோய் வைப்பது. மனிதனுக்கு எடுப்பது மிக எளிது. எந்த யோசனையும் இல்லாமல் கை போய் எடுத்துவிடும். அவனுக்குக் களைப்பைத் தருவதும் பிழையை உண்டாக்குவதும் வாசிப்பதும் தீர்மானிப்பதும்தான். இயந்திரத்துக்கு இது தலைகீழ். நன்றாக அச்சிட்ட லேபலை அது கண நேரத்தில் வாசித்து, பாதையைப் பிசகில்லாமல் சொல்லிவிடும். குவியலிலிருந்து ஒன்றை எடுப்பதற்குத்தான் திணறுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், விற்பனையாளர் காட்டும் காணொளிகளைப் பார்த்து மயங்கத் தேவையில்லை.

எங்கள் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். மல்லாவிக்கு வந்த பொதி மல்லாகத்துக்குப் போய்விடுகிறது. ஒன்று முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மற்றது யாழ்ப்பாணத்துக்கு அப்பால் காங்கேசன்துறை வீதியில். அதிகாலை நான்கு மணிக்கு, மங்கலான விளக்கின் கீழ், பாதி நனைந்த லேபலில் முதல் மூன்று எழுத்தைப் பார்த்ததும் கை முடிவெடுத்துவிடுகிறது. புதுக்குடியிருப்பு என்ற பெயர் முல்லைத்தீவிலும் உண்டு, மன்னாரிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு 40000, முல்லைத்தீவுக்கு 42000, வவுனியாவுக்கு 43000 என்று தபாற் குறியீட்டெண்கள் இருந்தும் பொதி அனுப்புவோர் அவற்றை எழுதுவது அரிது. ‘அம்மன் கோயிலுக்குப் பின்னால், இரண்டாம் வாய்க்கால்’ என்று எழுதப்பட்ட பொதியை, உபதபாலகத்தில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்று எங்களிடம் வந்து சேர்ந்த பெரியவர் ஒருவர் கையில் எடுத்து, கையெழுத்தைப் பார்த்து, தொலைபேசி எண்ணைப் பார்த்து, “இது தருமபுரம் தம்பி” என்று சொல்லி எறியாமல் வைப்பார். அவர் சொன்னது பிழைத்து நான் கண்டதில்லை.

இப்போது ரோபோக் கைக்கு வருவோம், ஏனெனில் நிர்வாகத்தின் விருப்பம் அதன் பக்கமே சாய்ந்திருக்கிறது. பார்வையால் வழிநடத்தப்படும் கை என்றால், மேலே பொருத்திய கமரா குவியலைப் பார்த்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, ஒரு பொதியின் விளிம்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கணித்து, எந்த இடத்தில் பிடித்தால் நழுவாது என்று தேர்ந்து, கைக்குக் கட்டளையிடுவதாகும். தூரத்தை அளக்க மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன: நம் இரு கண்களைப் போல இரு கமராக்களின் படங்களை ஒப்பிடுவது, ஒளிக்கோடுகளை வீசி அவை வளைவதைப் பார்ப்பது, ஒளித்துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது. பழைய தொழிற்சாலை ரோபோ, பொருள் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்பி இயங்கியது. இது ஒவ்வொரு முறையும் பார்த்து முடிவெடுக்கிறது. பொதி வேலைக்கு இது வரக்கூடும் என்ற நம்பிக்கையே அதனால்தான் பிறந்தது.

அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறும் உண்டு. அமேசான் நிறுவனம் 2015 முதல் 2017 வரை மூன்று ஆண்டுகள், கலந்து கிடக்கும் பொருள்களை ரோபோ எடுத்து வைக்கும் போட்டியை நடத்தியது. முதலாண்டு சியாற்றிலில், அடுத்து லைப்சிக்கில், மூன்றாவது நகோயாவில். 2016-இல் டெல்ஃப்ட் பல்கலைக்கழக அணி வென்றது. 2017-இல் ஆஸ்திரேலிய அணி ஒன்று வென்றபோது, அவர்களது இயந்திரம் மனிதக் கை போல மடங்கும் கையாக இருக்கவில்லை. மேலிருந்து மூன்று நேர் அச்சுகளில் நகரும் எளிய சட்டமாக இருந்தது. எனக்கு அது பெரிய பாடமாகப் பட்டது. அழகாக மடங்கும் கை வேலைக்கு அவசியமில்லை, நன்றாகப் பார்க்கும் கண்ணும் பொருளுக்கேற்ற பிடியுமே வேலையைச் செய்கின்றன. அதற்குப் பின், ஏராளமான படங்களைப் பார்த்துக் கணினி தானே கற்கும் ஆழ்கற்றல் முறை வளர்ந்ததால் இன்று பெரிய நிறுவனங்களின் களஞ்சியங்களில் இத்தகைய கைகள் அன்றாடம் வேலை செய்கின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அங்கே பொதிகள் அவர்களுடைய பெட்டிகள், அவர்களுடைய உறைகள், அவர்களே அச்சிட்ட லேபல்கள். எங்களுக்கு வருபவை ஊரார் கட்டிய பொதிகள்.

பிடியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொதிக்கு வழக்கமாகப் பயன்படுவது உறிஞ்சு கிண்ணம். 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு கிண்ணத்தின் பரப்பு ஏறத்தாழ 19.6 சதுர சென்ரிமீற்றர். உள்ளே வளிமண்டல அழுத்தத்தில் அறுபது வீத வெற்றிடம் உண்டானால், அது கோட்பாட்டளவில் 12 கிலோ வரை தாங்கும். கை வேகமாக வீசும்போதும் பொதி ஆடும்போதும் விழாதிருக்க நான்கு மடங்கு பாதுகாப்பு வைத்தால், ஒரு கிண்ணத்துக்கு 3 கிலோதான் மிஞ்சும். நான்கு கிண்ணங்கள் சேர்ந்தால் 12 கிலோ. வழவழப்பான அட்டைப்பெட்டிக்கு இது சரி. தூசு படிந்த பெட்டியில், நைந்த அட்டையில், மேலே சணல் கயிறு ஓடும் பெட்டியில் காற்று கசிந்து வெற்றிடம் உடைந்துவிடும். இனி எங்கள் குவியலில் ஒரு மூலையைப் பாருங்கள்: கறுப்புப் பொலித்தீன் பையில் உடுப்பு, உரப்பையில் கட்டித் தைத்த கருவாடு, ஒடியலும் பனங்கட்டியும் சேர்த்து ஓலைப்பெட்டியில் வைத்து, அதன் மேல் பழைய துணி சுற்றிய பொதி, கனடாவிலிருந்து வந்து, கொழும்பில் மறுபடி நாடா ஒட்டப்பட்ட பெரிய பெட்டி, மோட்டார் சைக்கிள் ரயர் ஒன்று, உறையே இல்லாமல், நடுவில் தாள் கட்டி. பொலித்தீன் பையைக் கிண்ணம் உறிஞ்சினால் பை மட்டும் மேலெழும்பும், உள்ளிருக்கும் உடுப்பு கீழே தொங்கும். துணி சுற்றிய பொதியில் காற்று நில்லாது. ரயரைப் பிடிக்கக் கிண்ணத்துக்கு இடமே இல்லை.

கண்ணுக்கும் இங்கே தொல்லை உண்டு. கறுப்புப் பொலித்தீன் ஒளியை விழுங்கிவிடும். பளபளக்கும் பை ஒளியைத் தெறிக்கவிடும். இரண்டிலும் தூர அளவு ஓட்டை விழுந்து வரும். எங்கள் கொட்டகை தகரக் கூரை, கிழக்குப் பக்கம் திறந்த வாசல். ஆறேகால் மணிக்கு வெயில் சாய்வாக உள்ளே விழும்போது, அகச்சிவப்பு ஒளியால் தூரம் அளக்கும் கமரா தன்னுடைய ஒளி எது, சூரியனுடையது எது என்று பிரித்தறிய முடியாமல் தடுமாறும். வேலை மிக நெருக்கடியாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். கச்சான் காலத்துத் தூசு லென்ஸில் படிவதைச் சொல்லவே வேண்டாம். இவற்றுக்கெல்லாம் தீர்வு இல்லாமல் இல்லை: சுவர் கட்டலாம், திரை போடலாம், நாள்தோறும் துடைக்கலாம். ஆனால் அந்தச் செலவும் கையின் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செலவே.

வேகத்தையும் பார்ப்போம். பேச்சுக்கு ஓர் இரவில் 2400 பொதிகள் என்று வைத்துக்கொண்டால், மூன்று மணி நேரத்தில் முடிக்க மணிக்கு 800 வேண்டும். ஒரு சுற்றுக்கு ஐந்து வினாடி எடுக்கும் கை, தடையில்லாமல் இயங்கினால் மணிக்கு 720 பொதிகளை எடுக்கும். இருபதில் ஒன்று பிழைத்து, ஒருவர் போய்ச் சரிசெய்து மீண்டும் ஓடவிட அரை நிமிடம் பிடிக்குமானால், 720 பொதிகளுக்கு 36 தடைகள், அதாவது 18 நிமிடம் போய்விடும். மிஞ்சுவது மணிக்கு 550 அளவுதான். மூன்று மணி நேரத்தில் 1650. மீதி 750 பொதிகள் தரையில் கிடக்க, வாகனங்கள் வாசலில் காத்து நிற்கும். இருபதில் ஒன்று என்பது எங்கள் குவியலுக்குத் தாராளமான எதிர்பார்ப்பு. அத்துடன், இந்தக் கை பொதியை எடுத்து, நகரும் பட்டியில் வைப்பதோடு தன் கடமையை முடித்துக்கொள்ளும்; வாசிக்கும் கமராவும் பிரிக்கும் பொறியும் அதற்கப்பால் தனியாக வேண்டும்.

மின்சாரத்தையும் உதிரிப்பாகத்தையும் நாங்கள் மறக்கக்கூடியவர்கள் அல்லர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அதே ஆண்டில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. அந்த நிலை திரும்ப வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேய்ந்துபோகும் கிண்ணமும் அடைத்துப்போகும் வடிகட்டியும் டொலரில் வாங்க வேண்டியவை என்பதும், கை பிசகிவிட்டால் அதைத் திருத்தி, கமராவுக்கும் கைக்கும் இடையிலான அளவுப் பொருத்தத்தை மீண்டும் சரிசெய்யத் தெரிந்தவர் வவுனியாவில் இல்லை என்பதும் இன்றைய உண்மைகள். கையும் காற்றழுத்தியும் ஓட மின்பிறப்பாக்கி வேண்டும். கையைச் சுற்றி வேலியும் வேண்டும். வேலி இல்லாமல் மனிதனோடு சேர்ந்து இயங்கும் சிறிய கைகள் உண்டு, ஆயினும் அவற்றில் பல பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் தூக்குவதில்லை. மனிதன் அருகில் நிற்கையில் பாதுகாப்புக்காக வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.

லொறியையே காலி செய்யும் ரோபோ பற்றி நீண்ட பேச்சுத் தேவையில்லை. பொஸ்ரன் டைனமிக்ஸ் 2021-இல் அறிமுகப்படுத்திய ‘ஸ்ட்ரெச்’ 23 கிலோ வரையிலான பெட்டிகளைக் கொள்கலனுக்குள் நுழைந்து எடுக்கிறது. அது அட்டைப்பெட்டிகள் சுவர்போல அடுக்கிய பெரிய கொள்கலனுக்கு உரியது. எங்கள் லொறியின் உட்புறம் ஒடுக்கம், தளம் மேடு பள்ளம், சுமையில் பாதி சாக்கு. இது எங்களுக்குரியதன்று.

தரையில் ஓடும் சிறு ரோபோக்கள் அப்படி ஒதுக்கத்தக்கவை அல்ல. பெங்களூரில் ஃபிளிப்கார்ட் தன் பிரிப்பு நிலையமொன்றில் 2019-இல் இவ்வகை வண்டிகள் நூறளவில் ஓடவிட்டது. மனிதர் ஒருவர் பொதியை வண்டியின் தட்டில் வைப்பார். கமரா லேபலை வாசிக்கும். வண்டி தானே உரிய துளைக்குப் போய்த் தட்டைச் சாய்த்துக் கொட்டிவிட்டுத் திரும்பும். புனேயிலும் நொய்டாவிலும் இத்தகையவற்றைச் செய்யும் இந்திய நிறுவனங்கள் உள்ளன. உதிரிப்பாகம் கடல் கடந்து வர வேண்டியிருந்தாலும் அது பக்கத்துக் கடல். இதிலுள்ள நல்ல அம்சம், எடுப்பதை மனிதனிடமே விட்டுவிடுவது. ஒரு வண்டி பழுதானால் மற்றவை ஓடும். பத்து வண்டியில் தொடங்கி இருபதாக்கலாம். குறை என்னவென்றால், தளம் கண்ணாடிபோல மட்டமாக இருக்க வேண்டும், ரயரும் உரப்பையும் தட்டில் நில்லா, மேலும் இருபது முப்பது பாதைகளுக்குமேல் பிரிக்கும் இடத்தில்தான் இதன் அருமை தெரியும். எங்களுக்குப் பாதைகள் பன்னிரண்டு. பன்னிரண்டு சாக்குகளை ஒரு மேசையைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்த முடிந்தால், வண்டி ஓட வேண்டிய தூரமே இல்லாமற் போகிறது.

இந்த இடத்தில்தான் நான் முன்வைக்க விரும்பும் தெரிவு வருகிறது: கண்ணை மட்டும் வாங்குவது. மேசைக்கு மேலே ஒரு கமரா, ஒழுங்கான வெண்ணிற விளக்கு, மேசைக்குள் தராசு, பக்கத்தில் ஒரு கணினி, ஒவ்வொரு சாக்கின் மேலும் ஒரு சிறு விளக்கு. வேலையாள் பொதியை எடுத்து லேபல் மேலே தெரிய மேசையில் வைக்கிறார். கமரா பார்கோடை வாசிக்கிறது. உரிய சாக்கின் விளக்கு எரிகிறது. அவர் அதில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறார். மல்லாவியா மல்லாகமா என்று அவர் வாசிக்க வேண்டிய தேவையே இல்லை. கையில் ஸ்கானரைப் பிடிக்கத் தேவையில்லாததால் இரண்டு கைகளும் பொதிக்கே இருக்கின்றன.

பார்கோட் கிழிந்தோ நனைந்தோ இருந்தால், கமரா எடுத்த படத்திலிருந்து எழுத்தை வாசிக்க முயலும். அச்செழுத்தென்றால் தமிழையும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் இன்றைய மென்பொருள் ஓரளவு நன்றாக வாசிக்கிறது. கையெழுத்துத் தமிழில் அது இன்னும் நம்பத்தக்கதன்று. ஆனால் இலக்கங்களை வாசிக்கும், இங்கே அதுவே பெரிய உதவி. வன்னியில் பலருடைய உண்மையான முகவரி தொலைபேசி எண்தான். மீள்குடியேறிய காணிகளில் வீதிக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் இல்லாத இடங்கள் ஏராளம். அந்த எண்ணுக்கு முன்பு எங்கே பொதி கொடுத்தோம் என்ற பதிவு கணினியில் இருந்தால் பாதை தெரிந்துவிடும். அதுவும் கைகொடுக்காதபோது படம் திரையில் நிற்கும். நான் முன்னே சொன்ன பெரியவர் நாற்காலியில் அமர்ந்தபடியே பார்த்துப் பாதையைச் சொல்லுவார். அவர் சொன்னது பதிவாகும். அடுத்த முறை அதே எண் வந்தால் கணினிக்கே தெரியும். அவர் தலையில் இருக்கும் அறிவு அவரோடு போய்விடாமல் நிலையத்தில் தங்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இதே கண் வேறு இரண்டு வேலைகளையும் செய்யும். பொதியின் நீள அகல உயரத்தை அளந்தால், பருமன் எடை தெரியும். 40, 30, 25 சென்ரிமீற்றர் கொண்ட பெட்டி 5000-ஆல் வகுக்கும் வழக்கப்படி 6 கிலோவாகக் கணக்காகும். உள்ளே தலையணை இருந்து தராசு ஒன்றரைக் கிலோ காட்டினாலும் லொறியில் அது அடைக்கும் இடம் 6 கிலோவுக்குரியது. மற்றது, வந்த நிலையிலேயே படம் எடுத்துவைப்பது. பொதி கொழும்பில் கிழிந்ததா இங்கே கிழிந்ததா என்ற வழக்கில் சென்ற ஆண்டு எங்கள் பையன் ஒருவனின் சம்பளத்தில் பணம் கழிக்கப்பட்டது. அவன் கிழிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். காட்டுவதற்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கமராவைக் கேட்பேன்.

மின்சாரம் போனால் கமராவும் கணினியும் விளக்குகளும் ஒரு சாதாரண பற்றரியில் சில மணி நேரம் ஓடும். பழுதானால் கமராவைக் கழற்றி மாற்றலாம், வவுனியாவிலேயே கணினி வேலை தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாம் நின்றுவிட்டாலும் மேசையும் சாக்கும் அப்படியே இருப்பதால் பழைய முறையில் வேலை தொடரும். ரோபோக் கை நின்றால் வேலிக்குள் ஒரு மலை நிற்கும்.

ஒன்றையும் வாங்காமல் இருக்கும் தெரிவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். நல்ல விளக்கு, இடுப்பளவு உயரமுள்ள மேசை, லொறிக்குள்ளே நீண்டு போகும் உருளை மேடை ஆகிய மூன்றும் இருந்தாலே எங்கள் வேலையில் கணிசமான பங்கு இலகுவாகும். தரையிலிருந்து குனிந்து எடுப்பதும், லொறித் தட்டிலிருந்து தோளில் சுமப்பதுமே முதுகை முறிக்கின்றன. 25 கிலோ அரிசிச் சாக்குக்கு ரோபோ வேண்டியதில்லை. உருளை மேடை போதும். கண்ணை வாங்கினாலும் இவற்றை முதலில் செய்தே ஆகவேண்டும், ஏனென்றால் விளக்கு நன்றாக இல்லாத இடத்தில் கமராவும் எங்களைப் போலவே பிழை விடும்.

வேலையாட்களைப் பற்றிய கவலையும் எனக்கு உண்டு. எங்கள் எட்டுப் பேரில் இருவர் போரில் காயம்பட்டவர்கள். ஒருவருக்கு இடக்கையில் பிடி குறைவு. கண்ணும் விளக்கும் வைத்த மேசையில் அவரும் மற்றவர்க்குச் சமமாகப் பிரிக்க முடியும். ரோபோக் கை வந்தால் முதலில் வீட்டுக்குப் போகச் சொல்லப்படுபவரும் அவராகவே இருப்பார். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நிரந்தரச் சம்பளம் வரும் வேலைகள் எவ்வளவு அரிது என்பதை இங்கே வாழ்பவர்க்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நிர்வாகத்தின் கணக்கில் இதற்கு ஒரு வரி இருக்காது, ஆனால் என் கணக்கில் உண்டு.

ஆகவே என் பரிந்துரை இதுதான்: இந்த ஆண்டில் விளக்கும் மேசையும் உருளை மேடையும், அடுத்து ஒரு மேசைக்கு மட்டும் கண், அது மூன்று மாதம் ஓடிப் பிழைகள் குறைந்தால் இரண்டாவது மேசைக்கும். ரோபோக் கையைப் பற்றிய முடிவை இரண்டு ஆண்டுக்குத் தள்ளலாம். அதற்குள் எங்கள் கமராவே ஒவ்வொரு பொதியின் அளவையும் எடையையும் உறையின் வகையையும் பதிந்திருக்கும். எத்தனை வீதம் பெட்டி, எத்தனை வீதம் பை, எத்தனை வீதம் உருவமற்ற மூட்டை என்பது கையில் இருக்கும்போது எந்த விற்பனையாளரோடும் நிமிர்ந்து பேசலாம்.

அப்போதும் அவர்களுடைய காட்சிக்கூடத்தில், அவர்களுடைய புதுப் பெட்டிகளைக் கொண்டு காட்டும் பரிசோதனையை ஏற்கக் கூடாது. மார்கழி மழை நாளொன்றில் வந்த எங்கள் பொதிகளில் இருநூறை, வந்தபடியே, ஈரத்தோடும் கயிற்றோடும் குவித்துக் கொடுக்க வேண்டும். எத்தனை தடவை மனிதர் உள்ளே போக நேர்ந்தது என்று எங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். நடுவில் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். பிடித்திருந்த பொதி விழுகிறதா, மீண்டும் இயங்க எத்தனை நிமிடம் எடுக்கிறது, அதை மீட்டெடுக்க அவர்களது பொறியியலாளர் வேண்டுமா அல்லது எங்கள் பையனே செய்யலாமா என்பவற்றை எழுத்தில் வாங்க வேண்டும்.

கொட்டகையின் வடமேற்கு மூலையில் நான்கு மீற்றர் சதுர இடத்தை அதற்காக விட்டுவைத்து, மும்முனை மின் இணைப்பை மட்டும் இப்போதே இழுத்துவிடலாம். கூரை வேலை நடக்கும்போது சேர்த்துச் செய்தால் செலவு குறைவு. அதுவரை அந்த மூலையில், கிழிந்து வரும் பொதிகளை மறுபடி கட்டும் மேசையைப் போடலாம் என்று நினைக்கிறேன். இப்போது அந்த வேலை வாசற்படியில், மழைச் சாரலில்தான் நடக்கிறது.